இருநூறு மீட்டர் வட்டம்

சட்டம் வந்த வழி: மதுரையை முன்வைத்து ஒரு வரலாற்றுத் தொடர் – 14

சிம்மக்கல்லில் உள்ள பழைய சொக்கநாதர் கோயிலை நடுவில் வைத்து இருநூறு மீட்டர் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டால், அதற்குள் ஏறத்தாழ 31 ஏக்கர் நிலம் அடங்கிவிடும். மீனாட்சியம்மன் கோயில் வளாகமே சுமார் 14 ஏக்கர் என்றுதான் சொல்வார்கள். இனி வடக்கு வெளி வீதியில் சேதுபதி பள்ளியைச் சுற்றி ஒன்று, பேச்சியம்மன் படித்துறைக் கோயிலைச் சுற்றி ஒன்று, மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் சந்துக்குச் சந்து இருக்கிற பிள்ளையாரையும் மாரியம்மனையும் சுற்றி ஒவ்வொன்று என்று போட்டுக்கொண்டே வந்தால், வைகைத் தென்கரையிலிருந்து தெற்கு வெளி வீதிவரை எந்த வட்டத்திலும் அகப்படாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தக் கணக்குக்குக் காரணம் விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. பொதுமக்கள் வழிபடும் இடம், கல்வி நிலையம், மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து இருநூறு மீட்டருக்குள் விபச்சாரம் நடந்தால், அதில் ஈடுபட்ட இருவருக்கும் மூன்று மாதம் வரை சிறை என்கிறது அந்தப் பிரிவு. அதே தூரத்துக்குள் விபச்சார விடுதியாகப் பயன்படும் வீட்டைக் காலி செய்ய வைக்கும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டுக்கு 18ஆம் பிரிவு கொடுக்கிறது. 1956இல் எழுதியபோது இருநூறு கெஜம் என்று இருந்தது, பின்னால் மீட்டராக மாறியது. அந்த மாற்றத்தில் மட்டும் வட்டத்தின் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதை யாரும் விவாதித்ததாகத் தெரியவில்லை.

இது சிம்மக்கல்லின் மீது சொல்லும் குறை இல்லை. கும்பகோணத்தையோ காஞ்சிபுரத்தையோ எடுத்துக்கொண்டாலும் வட்டங்கள் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இந்தியச் சட்டம் விபச்சாரத்தைத் தன்னளவில் குற்றம் என்று சொல்லவில்லை. விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, அடைத்து வைப்பது, அடுத்தவர் சம்பாத்தியத்தில் பிழைப்பது ஆகியவையே குற்றம். 1962ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற ரத்னமாலா வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: சட்டத்தின் நோக்கம் அந்தப் பெண்ணை ஒழிப்பது இல்லை, மனிதர்களை வைத்து நடக்கும் வியாபாரத்தை ஒழிப்பது. ஆனால் புதுதில்லியில் எழுதிய இந்த வேறுபாடு கோயில் நகரத்துத் தெருவுக்கு வந்து சேரும்போது செத்துவிடுகிறது. எல்லா இடமும் தடை செய்யப்பட்ட இடமாக இருக்கும் ஊரில், குற்றமில்லை என்று சட்டம் சொன்ன செயலைக் குற்றமில்லாமல் செய்ய ஓர் அடி மண்ணும் கிடையாது. நூற்றைம்பது ஆண்டுகளாக அரசுகள் இந்த விஷயத்தில் செய்துவந்த சீர்திருத்தங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பெண்ணை ஓரிடத்திலிருந்து நகர்த்துவதையே சீர்திருத்தம் என்று எண்ணிய சட்டங்கள் எல்லாம் அவளைப் போலீஸின் கையிலும் புரோக்கரின் கையிலும் கொண்டுபோய் விட்டன. அவள் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்த சட்டங்கள் மிகக் குறைவு. பலன் தந்தவை அவைதாம்.

முதலில் வந்தது பட்டாளத்தின் சட்டம். 1857 கலகத்துக்குப் பிறகு இந்தியாவில் வெள்ளைச் சிப்பாய்களின் எண்ணிக்கை கூடியது. அவர்களிடம் மேகநோயும் கூடியது. 1864ஆம் ஆண்டின் கன்டோன்மெண்ட் சட்டமும், 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் அதற்கான பதிலாக வந்தன. பெண்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், குறித்த நாளில் உடல் சோதனைக்கு வர வேண்டும், நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரி எனப்பட்ட பூட்டிய மருத்துவமனையில் கிடக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் பரங்கிமலை, திருச்சிராப்பள்ளி, வெலிங்டன் போன்ற பட்டாள ஊர்களில் இத்தகைய மருத்துவமனைகள் நடந்தன. சிப்பாய்க்கு அப்படிப்பட்ட பதிவேடும் இல்லை, பூட்டும் இல்லை. பெண்கள் சோதனைக்குப் பயந்து எல்லை தாண்டிப் போனார்கள், நோய் அவர்களோடு போயிற்று, சிப்பாயும் பின்னாலேயே போனான். இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் நடத்திய நீண்ட போராட்டத்தால் அங்கே இத்தகைய சட்டங்கள் 1886இல் ஒழிந்தன, இங்கே 1888இல். மதுரையில் பட்டாளம் இல்லாததால் இந்த அத்தியாயம் நம்மூரை அதிகம் தொடவில்லை. என்றாலும் அதன் மூன்று கருவிகளான பதிவேடு, கட்டாயச் சோதனை, பூட்டிய இல்லம் ஆகியவற்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவை வேறு பெயரில் திரும்பி வரும்.

மதுரையின் கதை வேறு வாசலில் தொடங்குகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரைத் தெருக்களை வரிசையாகக் காட்டும்போது கணிகையர் வாழ்ந்த வீதியையும் மறைக்காமல் காட்டுகிறது. பிற்காலத்தில் கோயில் ஊழியத்துக்குப் பொட்டுக்கட்டப்பட்ட தேவதாசிப் பெண்களுக்கு ஊழியமே கோயிலுக்குள் என்பதால் வீடும் கோயிலைச் சுற்றியே அமைந்தது. வீணை சண்முகவடிவு வாழ்ந்ததும், அவர் மகள் எம். எஸ். சுப்புலட்சுமி 1916இல் பிறந்ததும் இதே கோயில் நகரத்து அனுமந்தராயன் கோயில் தெருவில்தான். தேவதாசி முறையையும் விபச்சாரத்தையும் ஒன்றாகக் குழப்புவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. இசை, நடனம், வழிபாடு, பெண்வழிச் சொத்துரிமை என்று பல இழைகள் அதில் இருந்தன. அதே முறைக்குள் சிறுமிகள் விருப்பமறியாமல் கட்டப்பட்டதும், மிராசுதார்களும் தனவந்தர்களும் அந்தப் பெண்களைத் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்டதும் அதே அளவு உண்மை. 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் சிறுமிகளை விபச்சாரத்துக்கு விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியபோது, இந்த இரண்டு உலகங்களும் நீதிமன்றத்தில் ஒன்றோடொன்று மோதத் தொடங்கின. அந்த மோதலைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் இசை மரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எனவே அவருக்கு இது புத்தகத்தில் படித்த பிரச்சினை இல்லை. 1926இல் சென்னை சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவரானார். 1927 நவம்பரில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அடுத்து அவர் செய்த காரியம்தான், என் கருத்தில், தமிழகத்தின் சமூகச் சட்டங்களில் மிகக் கூர்மையானது. இந்து அறநிலையச் சட்டத்துக்கு 1929இல் ஒரு திருத்தம் நிறைவேறியது. கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிக் குடும்பங்களிடம் இருந்த மானிய நிலங்களை ஊழியம் என்ற நிபந்தனையிலிருந்து அது விடுவித்தது. இதன் கூர்மை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வீட்டில் தலைமுறைக்கு ஒரு பெண்ணாவது பொட்டுக்கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. ஊழியம் செய்ய ஆள் இல்லாவிட்டால் மானியம் போய்விடும், நிலம் போனால் மொத்தக் குடும்பத்துக்கும் சோறு இல்லை. பெண் குழந்தையைக் கோயிலோடு கட்டிய கயிறு அந்த நிலம்தான். முத்துலட்சுமி யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை, எந்தத் தெருவையும் காலி செய்யவில்லை. நிலத்தை வைத்துக்கொள், மகளைக் கட்ட வேண்டாம் என்று சட்டத்தைச் சொல்ல வைத்தார். ஒரு தாய் தன் மகளை வேறு வழியில் வளர்க்க நினைத்தால் அதற்கு நடைமுறையில் ஓர் இடம் கிடைத்தது.

அந்தத் திருத்தத்திலும் குறை இருந்தது. பெண்வழியாக இறங்கிவந்த சொத்தில் குடும்பத்து ஆண்கள் உரிமை கோரவும் அதிகாரம் செலுத்தவும் அது வழி திறந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள், குறிப்பாக அம்ரித் சீனிவாசன், சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நியாயமான குறைதான். நிலம் பெண்ணின் பெயரில் நிலைக்கும்படி இன்னும் கட்டாக எழுதியிருக்கலாம். ஆனால் இதற்குப் பிறகு வந்த சட்டங்களோடு ஒப்பிட்டால் 1929 எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது புரியும். 1930இல் நிறைவேறிய சென்னை ஒழுக்கக்கேடு ஒழிப்புச் சட்டம் விடுதிகளையும் தரகர்களையும் குறிவைத்தது. அதே மூச்சில் தெருவில் நின்று அழைக்கும் பெண்ணையும் குற்றவாளியாக்கியது. முத்துலட்சுமி தாமே கொண்டுவந்த பொட்டுக்கட்டு ஒழிப்பு மசோதா, காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் அவர் பதவி விலகியதும் அப்படியே நின்றுபோயிற்று. அது வேறு வடிவில் 1947இல்தான் சட்டமானது.

1947 சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்தது. பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணின் திருமணம் செல்லும் என்றும் உறுதி சொன்னது. இவை இரண்டும் தேவையானவை. மூவலூர் ராமாமிர்தம் அம்மாள் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலையும் எழுதி உருவாக்கிய கருத்துநிலை இதற்குப் பின்னால் இருந்தது. அவர் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து கண்டவர், அவருடைய கோபத்தைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் தகுதியில்லை. ஆனால் அதே சட்டம் கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையே, கும்ப ஆரத்தியோடோ இல்லாமலோ, சட்டவிரோதம் என்று அறிவித்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. பெண்ணின் பிழைப்புக்கு மாற்றாக அந்தச் சட்டம் ஏக்கர் கணக்கிலோ ரூபாய்க் கணக்கிலோ எதையும் எழுதி வைக்கவில்லை. அவள் நிற்கக்கூடாத இடத்தை மட்டும் எழுதி வைத்தது. தேவதாசிகள் சங்கங்கள் இதை முன்பே உணர்ந்திருந்தன. 1920களின் இறுதியில் அவர்கள் அரசுக்கு அனுப்பிய மனுக்களில் தங்களை விபச்சாரிகளோடு சேர்க்க வேண்டாம் என்றும், கல்வி கொடுங்கள் என்றும் கேட்டார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் பணத்தால் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த எதிர்ப்பில் முன்னே நின்றவர். அவர் தரப்பு முழுவதையும் ஏற்க முடியாது, சிறுமிகளின் நிலை பற்றிய கேள்விக்கு அதில் போதிய பதில் இல்லை. என்றாலும், யாருக்காகச் சட்டம் எழுதப்படுகிறதோ அவர்களுடைய மனு கோப்பில் கிடக்க, சட்டம் மேலே எழும்பிப் போகும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது என்பதை மறுக்க முடியாது.

சுதந்திர இந்தியாவுக்கு இந்த விஷயம் ஒரு கௌரவப் பிரச்சினையாக இருந்தது. அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு மனித வியாபாரத்தைத் தடை செய்கிறது. 1950 மே 9ஆம் நாள் நியூயார்க்கில் அதே நோக்கம் கொண்ட ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது. தன்வந்தி ராமராவ் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 1956இல் நாடு முழுவதற்குமான சட்டம் நிறைவேறி, 1958 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வந்த அன்றே அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் உசுனா பாய் என்ற பெண் அதை எதிர்த்து மனு போட்டார். எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையை அரசியலமைப்பு எனக்கும் தந்திருக்கிறது என்பது அவர் வாதம். அப்போது அந்த மனு தள்ளுபடியானது, ஆனால் கேள்வி தள்ளுபடியாகவில்லை. சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒரு பெண் விபச்சாரம் செய்பவள் என்று மாஜிஸ்திரேட் கருதினால் அவளைத் தன் எல்லையைவிட்டே வெளியேற்றலாம் என்றது. கான்பூரில் இப்படி நோட்டீஸ் பெற்ற கௌசல்யா உள்ளிட்ட பெண்கள் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். மேல்முறையீட்டில், 1963இல், உச்ச நீதிமன்றம் 20ஆம் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. மற்றக் குடிமக்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் நியாயமான வகைப்பாடு, பொதுநலனுக்காக நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பது காரணம். தண்டனை முடிந்த கொலைக் குற்றவாளி தன் சொந்தத் தெருவில் குடியிருக்கலாம். எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத இந்தப் பெண் இருக்கக்கூடாது. அந்தப் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

1978லும் 1986லும் திருத்தங்கள் வந்தன. 1986 திருத்தம் விபச்சாரம் என்பதை வணிக நோக்கில் நடக்கும் பாலியல் சுரண்டல் என்று மறுவரையறை செய்தது. சுரண்டப்படுகிறவள் அவள்தான் என்று அரசு வாய்விட்டு ஒப்புக்கொண்டது போல இது இருக்கிறது. அப்படியானால் சுரண்டப்படுகிறவளுக்கு என்ன தண்டனை என்று 8ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். தெருவில் அழைத்ததற்காகப் பெண்ணுக்கு முதல் முறை ஆறு மாதம் வரை, அடுத்த முறை ஓராண்டு வரை. அதே குற்றத்தைச் செய்தவர் ஆணாக இருந்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம். 10ஏ பிரிவின்படி, தண்டனைக்குப் பதிலாக அவளைச் சீர்திருத்த இல்லத்தில் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வைக்கலாம். 17ஆம் பிரிவின்படி, ‘மீட்கப்பட்ட’ பெண்ணையே ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் காப்பகத்தில் வைக்கலாம். இன்னும் இரண்டு பிரிவுகளை நான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு பெண்கள் பாதுகாப்புக்காக ஓர் அறையைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால், இருவரின் பரஸ்பர லாபத்துக்கு நடப்பது என்ற காரணத்தால் அந்த அறையே விடுதி ஆகிவிடும். பதினெட்டு வயது தாண்டிய எவரும் அவள் வருமானத்தில் பிழைத்தால் 4ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை. புரோக்கரைப் பிடிக்க எழுதிய பிரிவு அது. எழுதியபடி படித்தால் வயதான தாயும் கல்லூரிக்குப் போகும் மகனும் அதில் அடங்குவார்கள். தனியாக இருந்தால் ஆபத்து, சேர்ந்து இருந்தால் குற்றம் என்ற நிலையில் ஒரு பெண் யாரை நாடுவாள்? போலீஸைச் சமாளிக்கத் தெரிந்தவனை நாடுவாள். தரகனை ஒழிக்க வந்த சட்டம் தரகனை இன்றியமையாதவன் ஆக்கியது இப்படித்தான்.

தெருவில் இந்தச் சட்டம் எப்போதும் தன் பெயரில் வருவதில்லை. 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம் 1987இல் மதுரைக்கும் கோவைக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன் 75ஆம் பிரிவு பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொள்வது பற்றியது. காவல் நிலையத்தில் பெட்டி கேஸ் என்றால் பெரும்பாலும் அதுதான். சாட்சியும் விசாரணையும் நீளாது, அபராதம் கட்டினால் முடிந்தது. முடிந்தது என்றால் அந்த மாதத்துக்கு முடிந்தது. அபராதத்தைக் கட்ட அவள் மீண்டும் அதே தெருவுக்குத்தான் போக வேண்டும். மறுமுனையில், 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டம் விபச்சாரத் தொழில் நடத்துவோரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைக்க இடம் தருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, லாட்ஜ் ரெய்டு முடிந்த மறுநாள், ‘அழகிகள் கைது’ என்ற தலைப்போடு பத்திரிகையில் படம் வரும். அந்தப் படத்தில் முந்தானையால் முகத்தை மூடியிருப்பது பெண்ணாகவே இருக்கும்.

இதற்கிடையே 1986இல் ஒரு புதிய பயம் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். அவற்றில் ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் இந்தக் கிருமி கண்டறியப்பட்டது அப்போதுதான். மருத்துவத்துக்கு அது பெரிய உதவி. அந்தப் பெண்களுக்கோ அது 1868 திரும்பி வந்த நாள். தொற்று இருந்தவர்கள் தண்டனைக் காலம் முடிந்த பின்பும் வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்த பிறகே உயர்நீதிமன்றத்தால் அவர்கள் விடுதலை ஆனார்கள். 1990இல் பம்பாயிலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ‘முக்தி எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் ரயிலேற்றித் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டு இங்கே அடைக்கப்பட்டார்கள். முக்தி என்று பெயர் வைத்த ரயிலில் ஏறியவர்களிடம் எங்கே போக விருப்பம் என்று யாரும் கேட்டதாகப் பதிவில்லை.

இந்த அணுகுமுறை மாறியதற்குக் கருணை முதற்காரணம் இல்லை, அனுபவம்தான். அடைத்து வைத்தால் நோய் ஒளிந்துகொள்ளும் என்பதைச் சுகாதாரத் துறை போலீஸைவிட முன்னதாகக் கற்றுக்கொண்டது. 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. பிற மாநிலங்களும் பின்பற்றிய முன்மாதிரி அது. பாலியல் தொழில் செய்யும் பெண்களையே களப் பணியாளர்களாக வைத்து, ஆணுறையையும் சிகிச்சையையும் அவர்கள் கையால் கொண்டுசேர்க்கும் முறை மெல்ல வேரூன்றியது. முதன்முறையாக ஓர் அரசுத் துறைக்கு இந்தப் பெண்களின் நம்பிக்கை தேவைப்பட்டது. ஆனால் அரசின் ஒரு கை பகலில் கொடுத்த ஆணுறையை, இன்னொரு கை இரவில் ரெய்டின்போது சாட்சியமாக எடுத்துக்கொண்டது. ஒரே அரசாங்கத்தின் இரண்டு துறைகள் இப்படி எதிரெதிராக இழுத்தது நிர்வாகக் குளறுபடி மட்டும் இல்லை. பெண்ணிடம் கொடுப்பதா, பெண்ணை அகற்றுவதா என்ற பழைய கேள்விக்குத் துறைகள் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன என்பதே அதன் பொருள்.

அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் நேராக எடுத்தது, கல்கத்தாவில் 1999இல் ஒரு பெண் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில். கொலையாளியின் மேல்முறையீட்டை 2011இல் தள்ளிய நீதிமன்றம், அந்தப் பெண்களின் வாழ்வு பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. 2020 கொரோனா ஊரடங்கில் அடையாள அட்டை கேட்காமல் அவர்களுக்கு ரேஷன் கொடுக்க உத்தரவிட்டது. 2022 மே 19இல் வந்த ஆணையைப் பல பத்திரிகைகள் ‘பாலியல் தொழில் சட்டப்படி அங்கீகாரம்’ என்று எழுதின. ஆணையில் இருப்பது அதைவிடக் குறைவு, ஆனால் உறுதியானது. காப்பகங்களை ஆய்வு செய்து, விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்ட வயதுவந்த பெண்களை விடுவிக்க வேண்டும். ஆணுறையைச் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது. போலீஸ் கண்ணியமாக நடத்த வேண்டும். ஊடகங்கள் அடையாளத்தை வெளியிடக் கூடாது. இருப்பிடச் சான்று இல்லாமலே, எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் சான்றிதழை வைத்து ஆதார் வழங்க வேண்டும். ரெய்டில் அகப்படும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்பது போன்ற சில பரிந்துரைகளுக்கு மத்திய அரசு தயக்கம் சொன்னது. அவை அப்படியே நிற்கின்றன. ரேஷன் கார்டும் ஆதாரும் அற்பமாகத் தெரியலாம். வாடகை வீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கும் தரகனின் முகவரியை நம்பியிருந்த பெண்ணுக்கு அவை 1929இன் மானிய நிலத்தைப் போன்றவை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, தண்டனையை எடுத்துவிட்டால் பெண் வியாபாரம் பெருகும் என்பது. நெதர்லாந்து 2000இலும் ஜெர்மனி 2002இலும் விடுதித் தொழிலை முறைப்படுத்தியதையும், அங்கே பெரிய விடுதி முதலாளிகள் கொழுத்ததையும் இதற்குக் காட்டுவார்கள். இந்த அச்சம் நியாயமானது, நான் விடுதிக்கு உரிமம் கொடுக்கச் சொல்லவில்லை. சிறுமிகளை விற்பதும், ஏமாற்றிக் கொண்டுவருவதும், அடைத்து வைப்பதும் கடுமையான குற்றங்களாகவே இருக்க வேண்டும். அவற்றுக்கான பிரிவுகளில் ஓர் எழுத்தையும் குறைக்க வேண்டியதில்லை. எடுக்க வேண்டியவை பெண்ணைத் தண்டிக்கும் பிரிவுகள். பெட்டி கேஸுக்குப் பயப்படாத பெண்ணால்தான் பக்கத்து அறையில் பதினைந்து வயதுப் பெண் அடைபட்டிருப்பதைக் காவல் நிலையத்தில் வந்து சொல்ல முடியும். நியூசிலாந்து 2003இல் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேற்றிய சட்டம் நான்கு பெண்கள் வரை சேர்ந்து, முதலாளி இல்லாமல், தாமே தொழில் நடத்த இடம் கொடுத்தது. நம் சட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்தாலே விடுதி.

இரண்டாவது மறுப்பு அறத்தின் பலத்தோடு வருவது. பெண்ணை விட்டுவிடுங்கள், வாங்குகிற ஆணைத் தண்டியுங்கள் என்று 1999இல் சுவீடன் வகுத்த வழி அது. பிரான்ஸ் 2016இல் அதைப் பின்பற்றியது. இந்தியாவிலும் 2006இல் வந்த திருத்த மசோதா 8, 20ஆம் பிரிவுகளை நீக்கி, வாடிக்கையாளரைத் தண்டிக்க முனைந்தது. நாடாளுமன்றக் காலம் முடிந்து அது காலாவதியானது. குற்றத்தின் பாரத்தைப் பெண்ணின் தோளிலிருந்து ஆணின் தோளுக்கு மாற்றும் இந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சுவீடனில் தொழிலைவிட்டு வரும் பெண்ணுக்கு வீடும் உதவித்தொகையும் அரசிடம் உண்டு. இங்கே வாடிக்கையாளர் போலீஸுக்குப் பயந்து ஒதுங்கினால், வெளிச்சமுள்ள தெருவிலிருந்து புறவழிச்சாலைக்குப் பேரம் நகரும், அங்கே அவள் கத்தினால் கேட்க ஆளில்லை. கோயிலுக்கு அருகே அகப்பட்ட ஆணை 7ஆம் பிரிவு இப்போதே தண்டிக்கிறது என்பதையும், அதனால் அவளுடைய நிலைமை ஓர் அங்குலமும் உயரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வறுமையில் சொல்லும் சம்மதம் சம்மதமே இல்லை என்பார்கள் சிலர். அதை ஏற்றாலும், வறுமைக்கு மருந்தாக ஆறு மாதச் சிறையை எந்த நியாயத்தில் எழுதினோம் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. கோயில் நகரத்தின் புனிதம், குடும்பங்கள் வாழும் தெருவின் அமைதி என்ற மறுப்பை அப்படிச் சட்டென்று தள்ள மாட்டேன். இரவில் வாசலில் கூச்சலும் குடிகாரர்களும் இருந்தால் குடியிருப்பவர்களுக்கு அது உண்மையான வேதனை. கூச்சலையும் மிரட்டலையும் அடக்கப் பொதுத்தொல்லைச் சட்டம் இருக்கிறது. அது யார் கூச்சல் போட்டாலும் பொருந்தும். ஒரு பெண் தெருவில் நிற்கிறாள் என்பதே தொல்லை என்று கொள்ளும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அப்போது கடைசிப் பேருந்தைத் தவறவிட்டுப் பழ மார்க்கெட் ஓரம் நிற்கும் எந்தப் பெண்ணையும் ஏட்டு கேள்வி கேட்கலாம்.

பழைய சட்டம் தானாகச் சாவதில்லை: இலங்கையில் 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டமும் 1889ஆம் ஆண்டின் விபச்சார விடுதிகள் கட்டளைச் சட்டமும் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. நாடாளுமன்றம் எழுதாதவரை நீதிமன்றம் எவ்வளவு சொன்னாலும் தெருவில் பழைய பிரிவுதான் பேசும். ஆனால் இங்கே புதுதில்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 7, 8, 20ஆம் பிரிவுகளைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தத் தமிழ்நாடு சட்டமன்றத்தால் முடியும். காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவு முழுக்க மாநிலத்தின் சட்டம், அதைத் திருத்த யார் ஒப்புதலும் கேட்க வேண்டியதில்லை. காப்பகங்களில் எத்தனை பேர் விருப்பமின்றி இருக்கிறார்கள் என்ற ஆய்வை மாவட்டம்தோறும் நடத்தி முடிவை வெளியிடுவதற்கு ஓர் அரசாணை போதும். முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் இந்த மாநிலம் மகப்பேறு உதவி வழங்குகிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மாள் பெயரில் கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. காப்பகத்திலிருந்து வெளியே வரும் பெண்ணுக்கும், அவள் பிள்ளைக்கும், முகவரி கேட்காமல் அதே கணக்கிலிருந்து கொடுக்கலாம்.